மூளைக்கட்டி செல்: வளர்ப்பது எப்படி, செத்ததா என்று பார்ப்பது எப்படி

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் நெருங்கினால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து யாராவது ஒரு பிள்ளை வந்து நிற்கும். “அக்கா, கிளையோமா செல்லில் எம்டிடி பண்ணணும். ஒரு வாரத்தில் முடியுமா?” கிளையோமா என்பது ஒரு வகை மூளைக்கட்டி. எம்டிடி என்பது செல் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்துக் கணிக்கும் சோதனை. எம்டிடியை மட்டும் கேட்டால் நாலு நாளில் முடியும். ஆனால் அதற்கு முன்னால் செல் நம் கைக்குப் பழக மூன்று வாரம் வேண்டும். அப்புறம், வந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள இரண்டு மாதம்கூட ஆகலாம். அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய ஆய்வு நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது. ஒரு ஹூட் (வடிகட்டிய காற்றோடு கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டி), ஒரு இன்குபேட்டர், ஒரு மைக்ராஸ்கோப், அடிக்கடி போகும் கரண்டு என்று தொடங்குகிறவர்களுக்காக எழுதுவது.

எந்த செல்?

கிளையோமாக்களில் கொடியதான கிளையோபிளாஸ்டோமா என்பது பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவது. அறுவை சிகிச்சையில் முழுசாக எடுக்க முடிவதில்லை. அருகம்புல்லைப் பிடுங்கிய பிறகும் மண்ணுக்குள் வேர் கிடப்பதுபோல, நல்ல மூளைத் திசுவுக்குள் செல்கள் ஊடுருவிக் கிடக்கும். 2005இல் வெளியான பெரிய மருத்துவச் சோதனையில், கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது. இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுதான். இரண்டரை மாதத்துக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ‘என் மூலிகைச் சாறு கிளையோமாவைக் கொல்கிறது’ என்று எழுதக் கை வரும்போது அந்த எண் நினைவில் இருக்கட்டும்.

ஆய்வுக்கூடத்தில் புழங்கும் செல் வரிசைகள் (ஒரே கட்டியிலிருந்து எடுத்துத் தொடர்ந்து வளர்த்து வரும் செல்கள்) சில உண்டு. யு87, யு251, டி98ஜி, எல்என்229 இவை மனிதனுடையவை. சி6 எலியுடையது, 1968இல் வெளியானது. முதன்முதலாக ஹூட்டில் கை வைப்பவர் சி6இல் தொடங்குவது நல்லது. வேகமாக வளரும், சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கை பழகியபின் மனித செல்லுக்குப் போகலாம்.

யு87க்கு ஒரு கதை இருக்கிறது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து உருவாக்கியது. உலகம் முழுக்கப் பல்லாயிரம் கட்டுரைகளில் வந்துவிட்டது. 2016இல் உப்சாலா ஆய்வாளர்களே அங்கே பாதுகாத்து வைத்திருந்த பழைய கட்டித் திசுவின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இன்று எல்லோரும் வாங்கும் யு87 அந்தப் பெண்ணுடையதே இல்லை என்று தெரிந்தது. அதுவும் கிளையோபிளாஸ்டோமாதான் போலிருக்கிறது, ஆனால் வேறு யாரோ ஒருவருடையது. இன்னொரு வரிசையான யு373 என்ற பெயரில் விற்றது உண்மையில் யு251தான் என்பதும் இதேபோலத் தெரியவந்தது.

அதனால் பக்கத்து லேப் நண்பர் ஒரு குழாயில் கொடுக்கும் செல்லை வாங்கித் தொடங்காதீர்கள். புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து, உங்கள் கல்லூரிப் பெயரில் முறைப்படி எழுதி வாங்குங்கள். மனித செல் என்பதால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் முதலிலேயே வேண்டும். அந்தக் காகிதம் நகர ஒரு மாதம்கூட ஆகலாம், ஆகவே தலைப்பு உறுதியான அன்றே விண்ணப்பத்தை எழுதிவிடுங்கள்.

வாங்கும்போதே பி53 என்ற மரபணு எப்படி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். செல்லுக்கு பிரேக் மாதிரி அது. யு87இல் நல்ல நிலையில் இருக்கிறது. யு251இலும் டி98ஜியிலும் பழுது. ஒரே மருந்துக்கு இரண்டு செல்லும் இரண்டு மாதிரி நடந்துகொண்டால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

மழை வருவதற்கு முன்

நமக்கு மழை இரண்டு முறை. ஜூனில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. செருப்பிலும் பையிலும் பூசணம் பிடிக்கிற ஊரில் இன்குபேட்டருக்குள் மட்டும் பிடிக்காமலா இருக்கும்? 37 டிகிரி வெப்பம், 5 சதவீத கார்பன் டைஆக்சைடு, அடியில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர்: செல்லுக்குப் பிடித்த வீடு பூஞ்சைக்கும் பிடித்த வீடுதான். அந்தத் தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஆட்டோகிளேவ் செய்த வடிநீர்தான் ஊற்ற வேண்டும். இன்குபேட்டர் இருக்கும் அறையில் அட்டைப்பெட்டி ஒன்றுகூட வைக்காதீர்கள். நனைந்த அட்டையில்தான் முதல் பூஞ்சை முளைக்கும்.

ஹூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திசு வளர்ப்புக்கு (வாழைக்கன்று, ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வைத்திருப்பது) பல கல்லூரிகளில் லேமினார் ஹூட் இருக்கும். அதில் காற்று உள்ளிருந்து உங்கள் முகத்துக்கு வரும். செடியைக் காக்கும், உங்களைக் காக்காது. மனித செல்லுக்கு இரண்டாம் வகுப்பு உயிரிப் பாதுகாப்பு கேபினட் வேண்டும். ‘இதிலேயே பண்ணிரலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உருக்குவது

உறைந்த செல் வந்தால் அன்றைக்கே திரவ நைட்ரஜனில் போடுங்கள், இல்லையேல் அன்றைக்கே உருக்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பெட்டி திருவனந்தபுரம் வரை பறந்து வந்து, அங்கிருந்து சாலை வழியாக வரும். உலர்பனி கரைந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூரியர் கிடங்கில் கிடந்த செல்லுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உறைய வைப்பது பைய, உருக்குவது சட்டென்று. இது மட்டும் நினைவிருந்தால் போதும். 37 டிகிரி தண்ணீரில் குழாயைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள், மூடி தண்ணீரில் முங்கக் கூடாது. கடுகளவு பனிக்கட்டி உள்ளே மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். மேலே 70 சதவீத ஆல்கஹால் துடைத்து ஹூட்டுக்குள் கொண்டுபோய், 10 மில்லி வெதுவெதுப்பான மீடியாவுக்குள் (செல் வளரும் ஊட்டநீர்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். உறைய வைக்கும்போது சேர்த்த 10 சதவீத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் குளிரில் காவல், சூட்டில் நஞ்சு. அதனால்தான் அவசரம். மெதுவாகச் சுழற்றி, மேல்நீரை நீக்கி, 10 சதவீத சீரம் சேர்த்த புது மீடியாவில் ஃபிளாஸ்கில் விடுங்கள்.

அன்று ராத்திரி நாலு தடவை எடுத்துப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். மறுநாள் காலை போதும்.

தினமும் பார்ப்பது

காலையில் ஃபிளாஸ்கைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணால் மீடியாவைப் பாருங்கள். நல்ல மீடியா செந்நிறம். மஞ்சளானால் அமிலம் கூடிவிட்டது: செல் நிறைந்துவிட்டது, இல்லாவிட்டால் பாக்டீரியா புகுந்துவிட்டது. ஊதா கலந்த இளஞ்சிவப்பானால் கார்பன் டைஆக்சைடு சிலிண்டரைப் போய்ப் பாருங்கள், தீர்ந்திருக்கும். கலங்கித் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், பிளீச் ஊற்றிக் கொட்டுங்கள். ஆன்டிபயாட்டிக் போட்டுக் காப்பாற்ற முயன்றவர்கள் எல்லோரும் ஒரு வாரம் கழித்து அதே பிளீச்சுக்குத்தான் வந்தார்கள்.

கலங்காமலே கெடுப்பது மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. 0.22 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும். மைக்ராஸ்கோப்பில் தெரியாது. செல் சாகாது, கொஞ்சம் மந்தமாகும். மருந்து வேலை செய்த மாதிரியே காட்டும்! மாதம் ஒருமுறை பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) வைத்துப் பாருங்கள். அதற்கு வசதி இல்லாவிட்டால் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு, நியூக்ளியஸுக்கு வெளியே மணல் தூவியதுபோல் புள்ளிகள் ஒளிர்கின்றனவா என்று பாருங்கள்.

யு87 அழகான செல் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் நீண்டு, கை நீட்டி, நட்சத்திரம்போல் பரவும். இடம் குறையக் குறையப் பரவாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியல் கட்டும், நடுவில் வெறுந்தரை தெரியும். புதியவர்கள் அதைப் பார்த்து ‘செத்துப்போச்சு அக்கா’ என்று போன் பண்ணுவார்கள். செத்துப்போகவில்லை, அதன் சுபாவம் அது. ஃபிளாஸ்கின் தரை 70, 80 சதவீதம் நிறைந்ததும், ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதியான ட்ரிப்சின் போட்டுப் பிரித்து அடுத்த ஃபிளாஸ்குக்கு மாற்றுங்கள். ட்ரிப்சின் போட்ட பிறகு இடத்தைவிட்டு நகராதீர்கள். இரண்டு மூன்று நிமிடம்தான். போன் எடுத்துப் பேசிவிட்டு வந்தால் செல் சவ்வையே தின்றிருக்கும். எத்தனையாவது பாஸேஜ் (இப்படி மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு பாஸேஜ்) என்று ஃபிளாஸ்கின்மேலேயே எழுதுங்கள்.

எண்ணுவது

கணக்கில் சறுக்குபவர்கள் அதிகம் என்பதால் ஒரு உதாரணம். செல் கரைசலையும் ட்ரிபான் நீலத்தையும் (செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் சாயம்) சமமாகக் கலந்து ஹீமோசைட்டோமீட்டரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடித் தட்டு) விட்டீர்கள். நான்கு மூலைக் கட்டங்களில் 48, 52, 45, 55 உயிருள்ள செல்கள். மொத்தம் 200, சராசரி 50. சமமாகக் கலந்ததால் 2ஆல் பெருக்கி, அப்புறம் 10,000ஆல் பெருக்க வேண்டும். ஒரு மில்லியில் 10 லட்சம் செல். நீலமாக 10 செல் தெரிந்திருந்தால் 210இல் 200 உயிரோடு, அதாவது 95 சதவீதம். 90க்குக் கீழே போனால் அன்றைக்குச் சோதனை வைக்காதீர்கள்.

96 குழித் தட்டில் குழிக்கு 100 மைக்ரோலிட்டரில் 4,000 செல் வேண்டும் என்றால், மில்லிக்கு 40,000. பத்து மில்லிக்கு 4 லட்சம். உங்கள் கரைசலில் 0.4 மில்லி எடுத்து 9.6 மில்லி மீடியாவில் கலந்தால் ஆயிற்று. தட்டின் ஓரக் குழிகளில் செல் போடாமல் வெறும் மீடியா ஊற்றுங்கள், ஓரம் சீக்கிரம் வற்றும்.

மருந்து எதுவும் போடாமல் ஆறு நாள் தினமும் எண்ணி ஒரு வளர்ச்சிக் கோடு வரைந்து வையுங்கள். அதைப் பார்த்து எத்தனை மணி நேரத்தில் இரட்டிக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மருந்தைத் தொட வேண்டும். ஏன் என்பது அடுத்து வருகிறது.

குறைந்ததா, செத்ததா?

இங்கேதான் எல்லோரும் விழுகிறோம். நானும் விழுந்தவள்தான்.

எம்டிடி என்பது 1983இல் வந்த முறை. மஞ்சள் நிற உப்பு ஒன்றைப் போட்டால், உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் படிக்கிறோம். ஊதா குறைந்தால் ‘செல் செத்தது’ என்று எழுதுகிறோம். ஆனால் ஊதா குறைய மூன்று காரணம் உண்டு. செல் செத்திருக்கலாம். சாகாமல், பிரிவதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். பிரிந்துகொண்டே இருந்தும் அதன் வளர்சிதை மாற்றம் மந்தமாகியிருக்கலாம். எம்டிடி இந்த மூன்றையும் ஒரே எண்ணாகத்தான் சொல்லும்.

மூலிகைச் சாறு என்றால் இன்னொரு வம்பு. மருத்துவாமலையும் மேற்குத்தொடர்ச்சி மலையும் பக்கத்தில் இருப்பதால் நம்மூர்த் தலைப்புகளில் பாதி மூலிகைதான். நான் படிக்கும்போது ஒரு இலைச் சாற்றின் அளவைக் கூட்டக் கூட்ட செல் ‘வளர்ந்துகொண்டே’ போனது. புற்றுநோயை வளர்க்கும் மூலிகையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு மாதம் பயந்துகொண்டு திரிந்தேன். கடைசியில் செல்லே போடாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் ஊற்றிப் பார்த்தால் அதுவும் ஊதா! இலையிலுள்ள பாலிஃபீனால்கள் தாங்களாகவே எம்டிடியை மாற்றிவிடுகின்றன. ஆகவே செல் இல்லாமல், சாறும் எம்டிடியும் மட்டும் உள்ள குழி ஒவ்வொரு அளவுக்கும் கட்டாயம் வையுங்கள். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியும் வேண்டும். அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது நேரம். ஒப்பீட்டுக்கு டெமோசோலமைடு போடுவீர்கள். 24 மணி நேரத்தில் படித்தால் ஒன்றும் நடந்திருக்காது. உடனே ‘என் சாறு டெமோசோலமைடைவிடச் சிறந்தது’ என்று ஒரு வரி வந்துவிடும். தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த மருந்து டிஎன்ஏவின் குவானினில் ஒரு மெத்தில் துண்டை ஒட்டவைக்கும். அது உடனே கொல்லாது. செல் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது பிழை வரும், அதைச் சரிசெய்யப் போய் மறுபடி பிழை வரும், பெரும்பாலும் இரண்டாவது சுற்றில்தான் செல் சாகும். ஒன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல் என்றால் குறைந்தது மூன்று நாள், ஐந்து நாளானால் நல்லது. வளர்ச்சிக் கோடு முதலில் வேண்டும் என்றது இதற்காகத்தான். டி98ஜியில் ஐந்து நாளானாலும் அசையாது. ஒட்டிய மெத்திலைப் பிடுங்கி எறியும் எம்ஜிஎம்டி என்ற புரதம் அதில் இருக்கிறது, யு87இல் இல்லை.

சரி, செத்தது என்றே வைத்துக்கொள்வோம். எப்படிச் செத்தது?

நம் ரப்பர்த் தோட்டங்களைப் பாருங்கள். தை, மாசியில் இலை பழுத்து, காம்பிலிருந்து தானாகக் கழன்று விழும். மரத்துக்குக் காயம் கிடையாது. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது அதே மரங்கள் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தன. செல் சாவிலும் இந்த இரண்டு வகை உண்டு. முதலாவதுக்கு 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. செல் சுருங்கி, நியூக்ளியஸ் துண்டுபட்டு, சவ்வு கிழியாமலே சின்னச் சின்ன மூட்டைகளாகப் பிரியும். மற்றது நெக்ரோசிஸ்: வீங்கி, வெடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஒளிரும் சாயம் ஒட்டிய அனெக்சின் வி என்ற புரதத்தையும் புரோபிடியம் அயோடைடு என்ற சாயத்தையும் சேர்த்துப் போடுவார்கள். சாகத் தொடங்கும் செல் சவ்வின் உட்புறமிருக்கும் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை வெளிப்புறத்துக்குத் திருப்பும், அனெக்சின் அதைப் பிடிக்கும். சவ்வு கிழிந்திருந்தால்தான் புரோபிடியம் உள்ளே போகும். அனெக்சின் மட்டும் ஒட்டினால் உதிரத் தொடங்கிய இலை. இரண்டும் ஒட்டினால் கதை முடிந்தது, ஆனால் எந்த வழியில் முடிந்தது என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு நேரத்தில் பார்க்காமல் 24, 48, 72 மணி என்று பாருங்கள். அப்போப்டோசிஸை நடத்தும் நொதியான காஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டிலும் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) உறுதிசெய்யுங்கள்.

இதில் நான் பார்த்தவரை பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்யும் தப்பு: மருந்து போட்ட குழியின் மீடியாவை உறிஞ்சிக் கொட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் செல்லை மட்டும் ட்ரிப்சினில் எடுப்பார்கள். செத்த செல் ஒட்டியிருக்காது மக்களே, மிதக்கும்! கொட்டியது பிணத்தை. அந்த மீடியாவை ஒரு குழாயில் சேர்த்து வைத்து, ட்ரிப்சினில் வந்த செல்லோடு கலந்து, இரண்டையும் சேர்த்துத்தான் சாயம் போட வேண்டும்.

மெஷின் இல்லாவிட்டால்

இந்தச் சாயங்களை ஒவ்வொரு செல்லாகப் படிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் நம் பக்கத்தில் கிடைப்பது அரிது. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், ஸ்ரீசித்திரா போன்ற பெரிய ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். வழிகாட்டியின் கடிதத்தோடு முன்னரே எழுதிக் கேளுங்கள். அனெக்சின் சாயம் போட்டபின் ஒரு மணி நேரத்துக்குள் மெஷினில் ஓட்டிவிட வேண்டும். இங்கேயே போட்டுவிட்டு பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டும்போதே வீணாகியிருக்கும். செல்லை அங்கேயே வளர்த்து, அங்கேயே மருந்து போட்டு, அங்கேயே படிக்க அனுமதி கேட்பதுதான் சரி. வெஸ்டர்னுக்கான புரதத்தை இங்கே எடுத்து மைனஸ் 80இல் வைத்துக் கொண்டுபோகலாம்.

எனக்குப் பிடித்தது கிளோனோஜெனிக் சோதனை. 1956இல் வந்தது, விலையுயர்ந்த மெஷின் எதுவும் வேண்டாம். மருந்து போட்ட செல்லில் உயிருள்ளவற்றை எண்ணி, ஆறு குழித் தட்டில் குழிக்கு 300 வீதம் விட்டு, 10 முதல் 14 நாள் இன்குபேட்டரில் தொடாமல் வையுங்கள். பிரியும் திறன் மிஞ்சிய ஒவ்வொரு செல்லும் ஒரு கூட்டமாகும். கிரிஸ்டல் வயலட் போட்டு, 50 செல்லுக்குமேல் உள்ள கூட்டங்களை மட்டும் எண்ணுங்கள். எம்டிடியில் ‘80 சதவீதம் உயிரோடு’ என்று காட்டிய செல் இங்கே ஒரு கூட்டம்கூடக் கட்டாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, எம்டிடியில் பாதியாகக் குறைந்தது இங்கே முழுசாகத் திரும்பி வந்ததும் உண்டு. அது சாகவில்லை, கொஞ்சம் இளைப்பாறியிருந்தது.

எதைச் செய்தாலும் மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாஸேஜில் செய்யுங்கள். ஒரே தட்டில் மூன்று குழி என்பது ஒரு முறைதான்.

வீட்டில் யாராவது கேட்பார்கள், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிர்வீச்சுள்ள மணலால் இந்தக் கட்டி வருமா என்று. தட்டில் வளரும் செல்லிடம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மக்களிடையே பல்லாண்டு செய்யும் ஆய்வுதான் அதைச் சொல்ல முடியும். தட்டில் செல்லைக் கொன்ற மருந்து ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலிருக்கும் தடுப்பைத் தாண்டுமா என்பதையும் அந்தத் தட்டு சொல்லாது. ஆய்வேட்டில் அந்த இரண்டு வரியைச் சேர்த்துவிட்டால் வைவாவில் பாதிக் கேள்வி குறையும்.

மூன்றாவது பாஸேஜிலேயே உறைய வைப்பது

செல் நன்றாக வளரத் தொடங்கியதும் சோதனையை ஆரம்பிக்கத்தான் கை பரபரக்கும். அதற்குமுன் பத்துக் குழாய் உறைய வையுங்கள். 10 சதவீத டிஎம்எஸ்ஓ, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மைனஸ் 80 வரை, மறுநாள் திரவ நைட்ரஜன். மாட்டுக்குச் சினை ஊசி போட கால்நடை மருந்தகத்தில் வைத்திருக்கும் அதே திரவம்தான். அதை நிரப்ப எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கும்போது அவர்களிடமும் கேளுங்கள்.

ஒக்கி அடித்த அன்று எங்கள் இன்குபேட்டரில் ஒன்பது ஃபிளாஸ்க் இருந்தன. கரண்டு போனது. ஜெனரேட்டருக்கு ஊற்ற டீசல் தேடி அலைந்தோம், கிடைக்கவில்லை. நாட்கணக்கில் ஊரே இருட்டு. திரும்பிப் போய்த் திறந்தபோது ஒன்பதும் போயிருந்தது. மூலையில் நின்ற நைட்ரஜன் கேனுக்கு மட்டும் கரண்டு வேண்டியிருக்கவில்லை. அளவுகோலை விட்டுப் பார்த்தேன், நான்கு விரல் ஆழம் மிச்சம். பாஸேஜ் 5 என்று என் கையெழுத்தில் எழுதிய ஒரு குழாயை எடுத்து உருக்கினேன். மறுநாள் காலையில் ஃபிளாஸ்கின் தரையில் ஒட்டி, கை நீட்டத் தொடங்கியிருந்தன.